கட்டை விரலை உள்ளே வைத்து

ஜூலை 14, ஞாயிறு

மூத்த பேரன் கோகுல்நாத் இன்ஜினியர். ஓசூரில் வேலை, கம்பெனி பஸ் அவன் வீட்டு வாசலுக்கே வருகிறது. அடுத்தவள் சௌபர்ணிகா பேங்க் பரீட்சையில் முதல் தடவையே பாஸ், இப்போது சேலத்தில் கவுன்டரில் உட்காருகிறாள். அவள் தம்பி நிதின் நீச்சலில் மாவட்டத்திலேயே மூன்றாவது. வாங்கிய கப் என் முழங்கை உயரம் இருக்கும். கடைசி, என் மகள் சுகந்தி பெற்ற தரணிகா. பத்தாம் வகுப்பில் ஐந்நூற்றுக்கு நானூற்றுத் தொண்ணூற்றொன்று. நான்கு பேர் போட்டோவையும் என் மாவு மில் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கிறேன். அரைக்க வருகிறவர்கள் பார்க்காமல் போக முடியாது. தராசு அதற்கு நேர் கீழேதான் இருக்கிறது.

இந்த டைரியும் தரணிக்குக் கட்டுரைப் போட்டியில் பரிசாக வந்ததுதான். நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் போகவில்லை, எனக்கு எதற்கு என்றேன். "தினமும் ஒரு வரியாச்சும் எழுதோணும் அம்முச்சி. எழுதலைன்னா புள்ளி கழிச்சுருவேன்" என்று சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டு ஹாஸ்டலுக்குப் போனாள். ஒன்றரை மாதம் கழித்து இன்றுதான் தொடங்குகிறேன்.

பத்து மணிக்கு அவளிடமிருந்து போன்.

"அம்முச்சி, இருவத்தாறாவது ரேங்க்."

"போன வாரம்?"

"இருவத்தொம்பது."

"மூணு ஏறியிருக்கறே! சாப்ட்டியா சாமி?"

"சாப்ட்டனுங்க. நல்லா இருக்கறனுங்க."

மூன்று வயதிலிருந்து நான் வளர்த்த பிள்ளை. அவள் அப்பா அம்மா இருவருக்கும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. டாக்டர் ஆகப் போகிறாள். ஆகிவிடுவாள்.

ஜூலை 15, திங்கள்

கம்பு, ராகி, ஒரு மூட்டை மிளகாய். மிளகாய்க்குப் பிறகு ராகி போட்டால் கைக்குழந்தைக்குக் கஞ்சி காரமாகிவிடும் என்று ஒரு படி அரிசி போட்டுக் கல்லைச் சுத்தம் செய்தேன். எவ்வளவு செய்தாலும் முதல் பிடி மாவில் கொஞ்சம் காரம் இருக்கத்தான் செய்யும். அதை எடுத்துத் தனியே கொட்டிவிட வேண்டும்.

ஜூலை 17, புதன்

பின் தெரு ரங்கநாயகி கோதுமை கொண்டுவந்தாள். போட்டோவைப் பார்த்தாள். பார்த்துவிட்டு இழுத்தாள்.

"ஏனுங்கக்கா, உங்க பேத்தி அந்த ஹாஸ்டல் ஸ்கூல்லதான இருக்குது?"

"ஆமா. முதல் நாப்பதுக்குள்ள இருக்கறா."

"எங்கக்கா பையனும் அங்கதான் இருந்தான். கூட்டிட்டு வந்துட்டாங்க. காய்ச்சல்னு சிக் ரூம்ல போய்ப் படுத்தா அஞ்சு புள்ளி கழிக்கறாங்களாமுங்க. புள்ளி போயிருமேன்னு காய்ச்சலோடயே பரீட்சை எழுதி, மயக்கம் போட்டு உழுந்துட்டான்."

"படிக்கப் பிடிக்காதவனுக்குக் காய்ச்சல் வராம என்ன வரும்?"

"உங்க வாய்க்குப் புள்ளி போட்டா நீங்கதானுங்க ஃபர்ஸ்ட் ரேங்க்" என்று சிரித்தபடி மாவு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அந்தப் பள்ளியின் சட்டம் எனக்கு மனப்பாடம். சனிக்கிழமை பரீட்சை, ஞாயிறு காலை ரேங்க். முதல் நாற்பது பேருக்கு நீல பேட்ஜ், பத்து நிமிடம் போன், சாயங்காலம் வடை. மற்றவர்களுக்குப் போன் கிடையாது, சாப்பாட்டு வரிசையில் கடைசி இடம். பேசினால், அழுதால், படுத்தால் புள்ளி போய்விடும். சேர்க்கும்போது இதைக் கேட்டுச் சுகந்தி முகம் சுளித்தாள். நான்தான் சொன்னேன், நல்லது செய்தால் கையில் ஒன்று கொடு, தப்பு செய்தால் பிடுங்கு, பிள்ளை தானாக வழிக்கு வரும் என்று. நான் நாலு பிள்ளை வளர்த்தவள்.

ஜூலை 19, வெள்ளி

மில்லுக்குப் பின்னால் கோழிக்கூண்டில் மூன்று முட்டை காணோம். ஓட்டுத் துண்டுகள் மட்டும் கிடந்தன. எங்கள் நாய் ஜிம்மி பக்கத்திலேயே படுத்திருந்தான். எதிர்வீட்டுப் பையன் பார்த்தானாம், கீரிப்பிள்ளை வந்து சாவகாசமாகத் தின்றுவிட்டுப் போனதாம், நாய் எழுந்து நின்று வாலை ஆட்டியதாம், குரைக்கவில்லையாம்.

போன வருடம் முழுக்க, மில்லுக்கு வருகிறவர்களைப் பார்த்துக் குரைக்கும்போதெல்லாம் குச்சியால் அடி போட்டேன். சும்மா இருந்தால் பொறை பிஸ்கட் போட்டேன். நல்ல பழக்கம் வந்துவிட்டது என்று எல்லோரிடமும் பெருமை பேசினேன். கீரிப்பிள்ளைக்கு மட்டும் குரை என்று இப்போது அதற்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

ஜூலை 21, ஞாயிறு

போன் வந்தது. முப்பத்து நான்காவது.

"எட்டு எறங்கிருச்சே கண்ணு?"

"ஃபிசிக்ஸ்ல போயிருச்சுங்க. அடுத்த வாரம் புடிச்சுருவேன்."

"நாப்பதத் தாண்டினா போன் வராதுல்ல. பார்த்துக்க."

"தெரியுமுங்க."

"என்ன சாப்பாடு?"

"மோர் சோறு."

"அவ்வளவுதானா? இன்னைக்குக் குருமா போடுவாங்களே?"

"அதெல்லாம் வேண்டாமுங்க. மோர் சோறே போதும்." ஓடி வந்து நின்றவள் போல மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "அம்முச்சி, கல்கண்டு இருக்குதுங்களா?"

"எதுக்கு?"

"சும்மாதானுங்க. எனக்குன்னு எடுத்து வைங்க. நான் அழவே இல்லை."

இனிப்பு ஆசை. ஹாஸ்டலில் இனிப்புக்கு எங்கே போவாள் பாவம்.

ஜூலை 22, திங்கள்

கால் கிலோ கல்கண்டு வாங்கி எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைத்தேன். ராகி இரண்டு பேர், பச்சைப்பயறு ஒருவர். மோட்டார் பெல்ட் தளர்ந்திருக்கிறது. பயமெல்லாம் ஒன்றும் இல்லை.

ஜூலை 28, ஞாயிறு

போன் வரவில்லை.

பத்தரை வரை மில்லைத் திறக்கவில்லை. மோட்டார் ஓடினால் மணி காதில் விழாது. பதினொன்றுக்கு நானே சுகந்தியைக் கூப்பிட்டேன். பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப்பில் ரேங்க் வந்துவிட்டது, நாற்பத்து மூன்று என்றாள். என்னிடம் இருப்பது பட்டன் போன், எனக்கு எதுவும் வராது.

"மூணு பேர்தானம்மா. அடுத்த வாரம் வந்துரும்."

"உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"உடம்பு சரியில்லைன்னா சொல்லமாட்டாளா?"

"சொல்லுவா" என்றேன்.

சாயங்காலம் ரங்கநாயகி, "இன்னைக்கு உங்க டாக்டரம்மா பேசுச்சுங்களா?" என்று கேட்டாள். பேசினாள், முப்பதாவது ரேங்க் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

மிளகாய் அரைத்தேன். இரண்டு மணி நேரம். கண் எரிந்தது. மிளகாய் ஓடும்போது யாரும் எதுவும் கேட்பதில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

தரணி எவ்வளவு நல்ல பிள்ளை என்பதை எழுதி வைக்க வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் சுகந்தி வருவாள், ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏறுவாள். தரணிக்கு அப்போது நாலு வயது. பஸ் ஸ்டாப்பில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டாள், கத்துவாள். ஒரு வாரம் அவள் அழுது அழுது சுகந்தி பஸ்ஸை விட்டுவிட்டாள், திங்கள் ஷிப்ட் போயிற்று. இன்னொரு தடவை இப்படி வந்தால் வேலை இல்லை என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டானாம். அந்த வேலைதான் அவர்களுக்குச் சோறு.

அடுத்த ஞாயிறு நான் பிள்ளையைத் தனியே உட்காரவைத்துச் சொன்னேன். "அழுதீன்னா அம்மா அடுத்த வாரம் வரமாட்டா. அழாம இருந்தீன்னா வருவா. உனக்குக் கல்கண்டும் உண்டு." அழுகை எப்படி நிற்கும் என்று கேட்டாள். கட்டை விரலை உள்ளே வைத்துக் கையை இறுக்கி மூடிக்கொள், அழுகை அதற்குள்ளேயே போய்விடும் என்று காட்டிக் கொடுத்தேன். இரண்டு ஞாயிறு அழுதாள். இரண்டு தடவையும் அடுத்த வாரம் சுகந்தியை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு தடவை வாயில் மிளகாய்த்தூளும் தடவினேன், கொஞ்சம்தான். மூன்றாவது தடவை பஸ் போகும்வரை கையை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டே நின்றாள். பஸ் திரும்பிய பிறகு கையை நீட்டினாள். கல்கண்டு கொடுத்தேன்.

ஆறு வயதில் கொதிக்கிற எண்ணெய் அவள் இடது முழங்கையில் தெறித்தது. தோல் வழன்று போயிற்று. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. ஆஸ்பத்திரி நர்ஸ், இந்த மாதிரிப் பிள்ளையைப் பார்த்ததே இல்லை என்றாள். மருந்து கட்டும்போது மற்றக் கை மூடியே இருந்தது. வீட்டுக்கு வந்ததும், "அம்முச்சி, கல்கண்டு" என்றாள்.

இதைப் பத்துப் பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். எழுதும்போது ஏன் கை வலிக்கிறது?

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. காலை ஐந்திலிருந்து பச்சரிசி மாவு. வரிசை ரோடு வரை. பெல்ட் அறுந்தது, மாற்றினேன். இன்று அவளுக்குப் பரீட்சை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

போன் வந்தது! முப்பத்தொன்றாவது. பன்னிரண்டு இடம் ஒரே வாரத்தில் ஏறியிருக்கிறாள். இந்த வாரம் அதிகமாக முன்னேறியவர்கள் என்று மேடையில் ஏற்றி சர்டிபிகேட் கொடுத்தார்களாம்.

"போட்டோ எடுத்தாங்களா?"

"எடுத்தாங்க. அம்மா போனுக்கு வந்திருக்குமுங்க."

"சுகந்தியப் பிரிண்ட் போட்டுத் தபால்ல அனுப்பச் சொல்றேன். உனக்கு ரெண்டாவது பிரேம்."

"சரிங்க அம்முச்சி. எனக்கு..." என்று நிறுத்தினாள்.

"எனக்கு என்ன சாமி?"

"ஒண்ணுமில்லைங்க. லைன்ல ஆள் நிக்கறாங்க. நல்லா இருக்கறேன். நல்லாத்தான் இருக்கறேன்."

இரண்டு தடவை சொன்னாள். நான் கேட்கவே இல்லை.

சந்தோஷப்பட வேண்டிய நாள். வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னேன். ரங்கநாயகிக்கு இரண்டு முறை சொன்னேன். தராசில் எடைக்கல்லை இரண்டு முறை மாற்றி வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 7, புதன்

பதினொரு மணிக்குத் தபால்காரர் கவர் கொடுத்தார். அப்படியே கண்ணாடிக் கடை இஸ்மாயிலிடம் கொண்டுபோனேன். அவர் அளவெடுத்துக்கொண்டே, "பாப்பா நல்லாச் சிரிக்குதுங்கம்மா" என்றார்.

நானும் பார்த்தேன். நீல பேட்ஜ். ஒரு கையில் சர்டிபிகேட். அதை எல்லோரும் நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருக்கிறார்கள், இவள் மட்டும் வலது பக்கம் அடிவயிற்றில் அழுத்திப் பிடித்திருக்கிறாள். முகம் இளைத்திருக்கிறது. சிரிப்பு. இன்னொரு கை தொடைக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

மூடியிருக்கிறது. கட்டை விரலைக் காணோம்.

இஸ்மாயிலிடம் கண்ணாடி வேண்டாம் என்று போட்டோவைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். அவர் பின்னாலேயே "ஏனுங்கம்மா, விலை ஜாஸ்தியா?" என்று கேட்டது காதில் விழுந்தது.

வந்ததும் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டேன். வார்டன் அம்மா எடுத்தார். தரணிக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா என்று கேட்டேன்.

"அப்படி ஒரு கம்ப்ளைண்டும் இல்லை பாட்டிம்மா. சேர்ந்ததுல இருந்து அந்தப் பொண்ணு ஒரு தடவை கூட சிக் ரூம் வரலை. ரொம்ப நல்ல பொண்ணு."

"ஒருக்கா அவகிட்டக் குடுங்கம்மா."

"ஞாயிற்றுக்கிழமைதான் போன். ரூல்ஸ் உங்களுக்குத் தெரியுமே?"

தெரியும். சுகந்தியைக் கூப்பிட்டேன். தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவே கத்தினாள்.

"போட்டோல கை மூடியிருக்குதுன்னு புள்ளையப் போய்ப் பார்ப்பாங்களா? சனிக்கிழமை பரீட்சை. இப்பப் போனா புள்ளி கழிப்பாங்க. கண்டிப்பு வேணும்னு நீதானம்மா சொன்னே?"

"நான்தான் சொன்னேன்."

"அப்பறம்?"

"அவளுக்கு எங்கியோ வலிக்குது சுகந்தி."

"வலிச்சா சொல்லுவாளே!"

"சொல்லமாட்டா."

"எப்படித் தெரியும் உனக்கு?"

போனை வைத்துவிட்டேன். மில்லைப் பூட்டினேன். புதன்கிழமை மில் பூட்டியது இதுதான் முதல் தடவை. அந்தப் பக்கம் போகிற பஸ் காலையில் மட்டும்தான். விடிந்ததும் முதல் பஸ். பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும், விட்டால் நான் எனக்கே மாற்றிச் சொல்லிக்கொள்வேன்.

இரண்டு பஸ் மாறி ஒன்பதரைக்கு அங்கே போனேன். கேட்டில் விடவில்லை. முதல் இருபது ரேங்க்குக்குத்தான் வார நாளில் பார்க்க அனுமதியாம். "அப்ப நான் இங்கயே உக்காந்துக்கறேன் தம்பி, ரேங்க் வர்ற வரைக்கும்" என்று கேட்டுக்கு முன்னால் ரோட்டிலேயே உட்கார்ந்தேன். போகிற வருகிற கார்களெல்லாம் என்னைச் சுற்றிக்கொண்டு போயின. ஒரு மணி நேரம் கழித்து வார்டன் வந்து உள்ளே கூட்டிப்போனார். ஐந்து நிமிடம் என்றார்.

தரணி வந்தாள். வரும்போது காலைத் தேய்த்துத் தேய்த்து வைத்தாள். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள், சிரித்தாள்.

"அம்முச்சி! என்னங்க திடீர்னு?"

"உனக்கு எங்க சாமி வலிக்குது?"

அவள் வார்டன் முகத்தைப் பார்த்தாள். "எங்கயும் இல்லைங்களே. நல்லா இருக்கறேன்."

வார்டன் என்னைப் பார்த்து, பார்த்தீர்களா என்பது போல் தலையசைத்தார்.

பிள்ளைக்குத் தைரியம் வரட்டும், பாட்டி கோபமாக வரவில்லை என்று தெரியட்டும் என்று பையிலிருந்து அந்த எவர்சில்வர் டப்பாவை எடுத்துத் திறந்து நீட்டினேன்.

இதை எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது. கல்கண்டைப் பார்த்ததும் என் பிள்ளை இன்னும் நிமிர்ந்தாள். சிரிப்பு இன்னும் அகலமாயிற்று. இரண்டு கையும் மூடிக்கொண்டன. கட்டை விரல் இரண்டும் உள்ளே. நெற்றியெல்லாம் வேர்வை, உதடு வெளுத்துப் போயிருக்கிறது, கண்ணில் பஸ் ஸ்டாப்பில் நின்ற அந்த நாலு வயதுப் பார்வை. "நான் அழலைங்க அம்முச்சி" என்றாள். பன்னிரண்டு வருடமாக நான் கட்டி வைத்த கட்டு. அந்தப் பள்ளிக்கூடம் அதன் மேல் இன்னொரு முடிச்சுப் போட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

டப்பாவைக் கவிழ்த்தேன். கல்கண்டு தரையெல்லாம் உருண்டது. பிறகு அழுதேன். அவள் முன்னால் நான் அழுததே இல்லை, அவள் தாத்தா செத்த அன்று கூட அடுப்படியில்தான். நேற்று அந்த ஆபீஸ் ரூமில், அத்தனை கப்புகளும் கேடயங்களும் அடுக்கி வைத்திருக்கிற இடத்தில், வாய்விட்டு, மார்பில் அடித்துக்கொண்டு அழுதேன். மூக்கு ஒழுகியது, துடைக்கவில்லை. வார்டன் "பாட்டிம்மா, பசங்க படிச்சுட்டு இருக்காங்க" என்றார். படிக்கட்டும் என்றேன்.

"எனக்கு வலிக்குது தரணி. முட்டி வலிக்குது, நெஞ்சு வலிக்குது, உன்னைய இப்படிப் பண்ணிட்டேனேன்னு வலிக்குது. பாரு, நான் அழறேன், எவ வந்து என்னத்தக் கழிப்பா, கழிக்கட்டும். இனி உனக்குக் கல்கண்டு இல்ல கண்ணு. அழுதாலும் இல்ல, அழாட்டியும் இல்ல. உங்கம்மா நீ அழுதாலும் வருவா. அன்னைக்கு நான் சொன்னது பொய்யி."

அவள் அப்படியே நின்றாள். நான் போய் அவள் கையைப் பிடித்து விரல் விரலாகப் பிரித்தேன். கட்டை விரலில் நகம் பதிந்து கருத்துப் போயிருந்தது. கை முழுக்கத் திறந்த பிறகுதான் வாய் திறந்தது.

"வலிக்குது" என்றாள். சத்தமே இல்லை, உதடு மட்டும். "மூணு வாரமா அம்முச்சி. நேத்திருந்து நிக்க முடியலை." அப்புறம் மடங்கிக் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குடல்வால் வீக்கம். விட்டு விட்டு வந்திருக்கிறது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் உள்ளேயே வெடித்திருக்கும் என்றார் டாக்டர். சின்ன வயது டாக்டர், பெண். "இவ்வளவு வலியை எப்படிம்மா வெளிய சொல்லாம இருந்தா?" என்று என்னைக் கேட்டார். நல்ல பிள்ளை என்று முன்பெல்லாம் சொல்வேன். நேற்று சொல்ல வாய் வரவில்லை.

ஆபரேஷன் நடந்துவிட்டது. சுகந்தி திருப்பூரிலிருந்து வேலையைப் போட்டுவிட்டு வந்தாள். தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறாள். என்னிடம் பேசவில்லை. பேசாமல் இருப்பதற்கு அவளுக்கு நியாயம் இருக்கிறது.

ஆகஸ்ட் 10, சனி

நர்ஸ் வந்து, "வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்டாள். தரணி "நாலு" என்றாள். என்னைப் பார்த்தாள். நான் எதுவும் செய்யவில்லை, தலையைக்கூட ஆட்டவில்லை. ஆட்டினால் அதையும் பழகிக்கொள்வாளே. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எட்டு" என்றாள்.

நர்ஸ் ஊசி போட்டாள். வலி சொன்னதற்குக் கிடைத்தது அதுதான், வலி குறைந்தது. அது போதும்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

பத்து நாளில் திரும்பாவிட்டால் சீட் இல்லை என்று பள்ளியிலிருந்து கடிதம். திருப்பூர் வீட்டில் சுகந்தி அதை என் முன்னால் போட்டாள்.

"நீயே சொல்லும்மா. டாக்டர் ஆகோணும்னு அத்தனை பேர்கிட்டயும் சொல்லி வச்சது நீதான?"

"ஆமா."

"மில்லுக்கு வர்றவங்ககிட்ட என்ன சொல்லுவே?"

"வயித்து வலின்னு சொல்லுவேன். வலின்னு சொல்றதுக்கு என்ன கூச்சம்?"

முதல் தடவையாகச் சுகந்திக்குச் சிரிப்பு வந்தது, பாதிதான். தரணியைத் திருப்பூரிலேயே பள்ளியில் சேர்க்கப் போகிறார்கள். அம்மாவுடனே இருப்பாள். நான் தனியே பஸ் ஏறி வந்தேன். பஸ் கிளம்பும்போது ஜன்னலில் பார்த்தேன், இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். தரணி அழுதாள். சேலைத் தலைப்பில் என் முகத்தை மூடிக்கொண்டேன், பிறகு எடுத்துவிட்டேன். அவள் பார்க்கட்டும்.

ஆகஸ்ட் 19, திங்கள்

ரங்கநாயகி வந்தாள். நானே சொன்னேன், அந்த வாரம் முப்பதாவது ரேங்க் என்றது பொய், போனே வரவில்லை என்று. அவள் கேலி செய்வாள் என்று காத்திருந்தேன். கோதுமையைக் கொட்டிக்கொண்டே, "எங்களுக்கு அன்னைக்கே தெரியுமுங்கக்கா. உங்க மூஞ்சி போன் வந்த மூஞ்சியா அது?" என்றாள்.

ஜிம்மிக்குப் பொறை போட்டேன், சும்மா. குரைக்கவில்லை. அதற்கு நாளாகும்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பத்து மணிக்குப் போன். இப்போது எந்த நாளும் பேசலாம், ஆனாலும் பழக்கத்தில் ஞாயிறு பத்துக்கே வருகிறது.

"நல்லா இருக்கறேன் அம்முச்சி" என்றாள். இனி என் காலம் முடியும்வரை அந்த வார்த்தையைக் கேட்டு என்னால் நிம்மதியாக இருக்க முடியாது. அது நானே தேடிக்கொண்டது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

பிறகு அவளே சொன்னாள். "தையல் போட்ட எடம் இழுக்குது. புதுப் பள்ளிக்கூடத்துல யாரும் எங்கூடப் பேசறதில்லை. சோறு புடிக்கலை."

சபாஷ் என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். "ம்... அப்பறம்?" என்றேன். பத்து நிமிடம் தாண்டியும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மில் சுவரில் நாலாவது பிரேமைக் கழற்றிவிட்டேன். அந்தப் பத்தாம் வகுப்புப் போட்டோவிலும் கை மூடித்தான் இருக்கிறது. இத்தனை நாள் அதன் கீழேதான் உட்கார்ந்திருந்தேன், மார்க்கைத்தான் பார்த்திருக்கிறேன். ஆணி காலியாக இருக்கிறது. வருகிறவர்கள் கேட்கிறார்கள்.

நாளைக்குப் போஸ்ட் பண்ண அவளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

தரணி கண்ணுக்கு அம்முச்சி எழுதிக்கொள்வது. மில்லில் உன் இடம் காலியாக இருக்கிறது. புதுப் போட்டோ ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. சர்டிபிகேட், கப் எதுவும் வேண்டாம். சிரிப்பு வந்தால் சிரி, வராவிட்டால் விட்டுவிடு. ஸ்டுடியோக்காரர் என்ன சொன்னாலும் கேட்காதே. இரண்டு கையும் திறந்து, பத்து விரலும் எனக்குத் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்பு சாமி.